தொப்புள்கொடியும் வேற்றுமுகமும்

தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவைத் தொப்புள்கொடி உறவு என்கிறோம். பிறக்கும் முன்பே முடிச்சு விழுந்துவிட்ட உறவு என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது. அதுவரை யார் கை நீட்டினாலும் தாவிய குழந்தை, ஏழெட்டு மாதத்தில் பழகாத ஆளைக் கண்டு உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கினால், ‘வேற்றுமுகம் பார்க்கிறது’ என்பார்கள். உறவு பிறப்போடு வருகிறது என்கிறது முதற்சொல். பழகிப் பழகித்தான் ‘நம் ஆள்’ என்று ஒருவர் குழந்தைக்குத் தெரிய வருகிறார் என்கிறது இரண்டாவது. கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகளை எடைபோட்டால், பாட்டிமாரின் இந்த இரண்டாம் சொல்லே மெய்க்கு அருகில் நிற்கிறது என்பது என் வாதம்.

தொப்புள்கொடிக் கருத்துக்கு அறிவியல் மேலாடை தந்தவர்கள் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரக் குழந்தை மருத்துவர்கள் மார்ஷல் கிளவுஸும் ஜான் கென்னலும். 1972-இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் முதற்பேறு கண்ட 28 தாய்மார் இருந்தனர். பாதிப் பேருக்கு அக்கால மருத்துவமனை வழக்கம்: பிறந்ததும் ஒரு பார்வை, பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்டும் நேரம் மட்டும். மறுபாதிக்கு முதல் மூன்று நாளில் 16 மணி நேரம் கூடுதலாகக் குழந்தை கையில் தரப்பட்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இவர்கள் குழந்தையை அதிகம் கொஞ்சினர், முகத்துக்கு முகம் அதிகம் பார்த்தனர். பிறந்தவுடன் தாயிடம் ஒரு ‘உணர்வுக் காலம்’ திறந்து விரைவில் மூடிக்கொள்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டப்பட்டது. அந்த எண்ணத்துக்குத் துணைநின்றது ஆட்டு ஆராய்ச்சி. ஈன்றதும் ஐந்து நிமிடம் குட்டியோடு இருந்த வெள்ளாடு பிறகு அதை ஏற்கும். உடனே பிரிக்கப்பட்டது முட்டித் தள்ளும். ஆனால் ஆடு தன் குட்டியை மோப்பத்தால் அறிந்து மந்தையில் பிரித்தெடுக்க வேண்டிய விலங்கு. மனிதத் தாய்க்கு அந்த அவசரம் இல்லை. மேலும், கிளவுஸ்–கென்னல் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலர்; பின்னர் நடந்த ஆய்வுகளில் நீடித்த வேறுபாடு உறுதிப்படவில்லை. கிளவுஸும் கென்னலுமே தங்கள் நூலின் அடுத்த பதிப்பில் குரலைத் தாழ்த்திக்கொண்டனர். உளவியலாளர் டயேன் அயர் 1992-இல் இக்கோட்பாட்டை ‘அறிவியல் புனைவு’ என்றே தன் நூல் தலைப்பில் அழைத்தார். இத்தனைக்கும், அந்தப் பலவீனமான ஆய்வு ஒரு நல்ல காரியம் செய்தது: குழந்தையைக் கண்ணாடிக்கு அப்பால் பூட்டிவைத்த பிரசவ விடுதிகளின் கதவைத் தாய்க்கும் தந்தைக்கும் திறந்துவிட உதவியது. தவறான காரணம் சொல்லிச் சரியான இடத்துக்கு வந்து சேர்வதும் உண்டு.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு கங்காரு முறைப் பராமரிப்பு. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கட்டிவைக்கும் இம்முறையை மருத்துவர் எட்கர் ரே 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கினார். இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்த உலகச் சுகாதார நிறுவன ஆய்வு 2021-இல் வெளியானது. பிறந்ததுமே இதைத் தொடங்கிய குழந்தைகளிடம் முதல் 28 நாள் இறப்பு 12 விழுக்காடு. உடல் நிலைப்பட்ட பிறகு தொடங்கிய குழந்தைகளிடம் 15.7. அப்படியானால் முதல் மணி நேரம் முக்கியம்தானே? முக்கியம்தான், உயிருக்கு. உடல்சூடு, மூச்சு, பால், தொற்றுத் தடுப்பு ஆகியவற்றின் கணக்கு அது. அந்த மணி நேரம் தவறினால் பாசம் தவறிவிடும் என்பதற்கு அதில் சான்றில்லை. பிறந்த சில நாளிலேயே குழந்தை தாயின் குரலை இனம் காண்கிறது என்பதும் இப்படித்தான். 1980-இல் ஆய்வாளர்கள் டி காஸ்பரும் ஃபைஃபரும் காட்டியபடி, தாயின் குரலைக் கேட்பதற்காகக் குழந்தை தன் சப்பும் தாளத்தையே மாற்றிக்கொள்ளும். கருவில் கேட்டுப் பழகிய குரலை விரும்புகிறது. ஆனால் பழகிய ஒலியை விரும்புவது வேறு. அந்த ஆள் விலகினால் கலங்குவதும் வந்தால் தேறுவதும் வேறு. பற்று என்று நாம் பேசுவது பின்னதை.

பற்றின் காலத்தை வகுத்துக் காட்டியது கிளாஸ்கோ நகரில் ஷாஃபரும் எமர்சனும் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1964-இல் வெளியிட்ட ஆய்வு. குறிப்பிட்ட ஒருவரைப் பிரிந்தால் அழும் நிலை பெரும்பாலும் ஏழெட்டு மாதத்தில்தான் தோன்றியது. பதினெட்டு மாதத்தில் ஒரே ஒருவரோடு நின்ற குழந்தைகள் 13 விழுக்காடுதான். மற்றவை அப்பா, பாட்டி, அண்ணன் அக்கா என்று பலரையும் பற்றியிருந்தன. ஐந்தில் இரண்டு குழந்தைகள் முதலில் பற்றியது, தமக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டியவரை அல்ல. யார் அதிக நேரம் உடனிருந்தார் என்பதைவிட, யார் அழுகைக்குச் செவிசாய்த்து விளையாட்டுக் காட்டினார் என்பதே எடை பெற்றது. ஹார்லோவின் சோதனையில் குரங்குக் குட்டிகள் பால் தந்த கம்பிப் பொம்மைத் தாயை விட்டுத் துணிப் பொம்மைத் தாயைக் கட்டிக்கொண்டது 1958-இலேயே தெரிந்த செய்தி.

செவிசாய்த்தல் என்றால் பிசகாத கவனம் என்று பொருள்கொண்டு தாய்மாரைக் குற்றவுணர்வில் தள்ளும் எழுத்து ஏராளம். எட்வர்ட் டிரோனிக்கின் ஆய்வுகள் இதைத் தகர்க்கின்றன. தாய் முகத்தைச் சலனமற்று வைத்துக்கொண்டால் சில மாதக் குழந்தை சிரித்துப் பார்த்து, கையை ஆட்டி, பலிக்காமல் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று 1978-இல் காட்டியவர் அவர். அவரது பிற்கால அவதானிப்புகளில், நல்லபடியாகப் போகும் தாய்–சேய் விளையாட்டிலும் இருவரும் ஒத்துப்போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரமே. மீதி நேரம் பிசகு. பிசகைச் சரிசெய்துகொள்ளும் முயற்சி. குழந்தை கற்பது அந்தச் சரிசெய்தலைத்தான்.

வலுவான மறுப்பு இனிமேல்தான். பெற்றோரின் நுண்ணுணர்வுக்கும் குழந்தையின் பாதுகாப்பான பற்றுக்கும் உள்ள தொடர்பு, 1997-இல் டி வோல்ஃபும் வான் ஐசெண்டோர்னும் தொகுத்த கணக்கில், 0.24 என்ற ஒட்டுறவுக் கெழுதான். இவ்வளவு மெலிந்த இழையில் கோட்பாட்டைத் தொங்கவிடலாமா? ஒரு சில மணி நேரம் பார்த்து அளந்த நடத்தை மாதக்கணக்கான பழக்கத்தின் மங்கலான நிழல் மட்டுமே. எண் சிறுத்ததற்கு அது ஒரு காரணம். மேலும், பழக்கத்தையே மாற்றிப் பார்த்த சோதனை ஒன்று இருக்கிறது. ருமேனியாவின் புகாரெஸ்டில் விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மூன்றரை வயதில் அவர்களில் 49 விழுக்காட்டினரிடம் பாதுகாப்பான பற்று. வழக்கமான பராமரிப்பில் விடப்பட்டவர்களிடம் 18 மட்டுமே. இரண்டு வயதுக்குள் சென்றவர்கள் கூடுதலாகத் தேறினர். ஆகவே காலம் பொருட்டில்லை என்று நான் சொல்லவில்லை. காலம் இருக்கிறது, அது மாதங்களால் அளக்கப்படும் காலம். ஒரு வயதுக்குள் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் பெற்றவரிடமே வளர்ந்த குழந்தைகளுக்கு இணையாகப் பற்றுக்கொள்வதும் இதனோடு பொருந்துகிறது.

இந்திய மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தை இந்த வெளிச்சத்தில் படிக்கலாம். அது பெற்ற தாய்க்கு 26 வாரம் வரை விடுப்பு தந்தது. தத்தெடுத்த தாய்க்கு 12 வாரம், அதுவும் குழந்தை மூன்று மாத வயதுக்குக் குறைந்ததாக இருந்தால் மட்டும். தந்தைக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. தத்துக்கு ஒப்படைக்கப்பட்ட குழந்தையைப் பெற்றவர்கள் மனம் மாறித் திரும்பக் கேட்க இளஞ்சிறார் நீதிச் சட்டம் தரும் அவகாசமே இரண்டு மாதம். மிஞ்சும் சில வாரங்களுக்குள் தத்து நடைமுறை முடிந்து குழந்தை வீடு வந்து சேர வேண்டும் என்பது அந்த வரம்பின் பொருள். பிள்ளைப்பேற்றால் நொந்த உடலுக்கான ஓய்வு என்றால் தத்துத் தாய்க்கு விடுப்பே வேண்டியதில்லை. குழந்தையோடு பழகுவதற்கான காலம் என்றால் மூன்று மாத வரம்புக்கு நியாயமில்லை. சட்டம் இரண்டில் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. தொப்புள்கொடியையே அளவுகோலாக வைத்து, வேற்றுமுகம் தொடங்குவதற்கு வெகு முன்பே கதவைச் சாத்தியது.