தன்னைத்தானே அணைக்கும் பெட்டி

ஓடிக்கொண்டிருந்த பொறி திடீரென நின்றுவிடின், அது பழுதுற்றது என்று கொள்வது உலக வழக்கு. ஆயினும் நிற்கவேண்டிய வேளையில் நிற்பதும் பொறிக்குரிய சிறப்பே என்பதைப் புரொஜெக்சன் தொலைக்காட்சியின் வரலாறு உணர்த்துகின்றது.

சிறு குழாயில் தோன்றும் படத்தைப் பெருக்கிப் பெருந்திரையில் வீழ்த்துவது இக்கருவி. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர். சி. ஏ. நிறுவனம் இத்தகைய பெட்டியொன்றை விற்பனைக்கு விட்டது. ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமோ இரண்டரை அங்குலக் குழாயினுள் 25,000 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தியது. சிறிய படம் பெரிய திரையை ஒளிரச்செய்ய வேண்டுமாயின், இலத்திரன் கற்றை அத்துணை வலிமை பெறுதல் வேண்டும்.

அவ்வலிமையே ஆபத்துமாயிற்று. இருவகைக் காந்தச் சுருள்கள் கற்றையைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஓட்டிப் படத்தை நெய்கின்றன. அவற்றுள் ஒன்று ஓய்ந்தாலும் கற்றை முழுவதும் ஒரே கோட்டில் குவிந்துவிடும். கணப்பொழுதில் ஒளிர்பூச்சு கருகி, ஆறாத வடுவாய் நிலைக்கும். ஆதலின் பிற்காலப் பெட்டிகளில், இருவகைச் சுருள்களின் துடிப்பையும் இடையறாது கண்காணித்து, ஒன்று தவறினும் கற்றையை நிறுத்தும் காவற்சுற்று அமைந்தது.

இரண்டாவது ஆபத்து மனிதருக்கானது. விரைந்து செல்லும் இலத்திரன்கள் தடைப்படுமிடத்து எக்ஸ் கதிர் பிறக்கும். 1967ஆம் ஆண்டில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சில வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து இக்கதிர் அளவுக்கு மீறி வெளிப்படுவது தெரியவந்தது. அவை புரொஜெக்சன் பெட்டிகளல்ல. எனினும் அச்சம் எல்லாப் பெட்டிகளையும் தொட்டது. 1968இல் அமெரிக்கா கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. பெட்டியின் புறப்பரப்பிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தூரத்தில், மணிக்கு 0.5 மில்லிறொஞ்சன் என்பதே எல்லையாக வகுக்கப்பட்டது.

1972ஆம் ஆண்டில் ஹென்றி குளோஸ் என்பார் அட்வென்ற் நிறுவனத்தின் வாயிலாக, மூன்று குழாய்கள் கொண்ட புரொஜெக்சன் பெட்டியை வெளியிட்டார். பின்வந்த பெட்டிகளில் அழுத்தம் 30,000 வோல்ற்றையும் கடந்தது. அழுத்தம் உயர உயரக் கதிரும் பெருகுமாதலால், அங்கே காவல் இன்றியமையாததாயிற்று. உயரழுத்தத்தை ஆக்கும் மாற்றியிலிருந்தே சிறு மாதிரி பெறப்படும். அது குறித்த எல்லையைத் தாண்டின், அம்மாற்றியை இயக்கும் அலையே நிறுத்தப்படும். ஊற்று அடைபட, உயரழுத்தமும் அற்றுப்போகும். மின்னிணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் கொடுத்தாலன்றிப் பெரும்பாலான பெட்டிகள் விழிப்பதில்லை. சில பெட்டிகள் சிறு விளக்கைக் குறித்த தடவை சிமிட்டி, அணைந்த காரணத்தையும் அறிவித்தன.

காவற்சுற்றின் கம்பியை வெட்டிவிட்டால் படம் மீண்டும் தோன்றக்கூடும். ஆனால் அன்றுமுதல் குழாயும், எதிரே அமர்ந்திருக்கும் குடும்பமும் காவலற்றவையே. இத்தகைய பெட்டிகளின் உற்பத்தி இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டோடு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. எஞ்சிய ஒன்று எங்கேனும் திடீரென அணையுமாயின், அதை எரியவைக்கும் வழியைத் தேடுமுன், அது ஏன் அணைந்தது என்று வினவுவதே அறிவுடைமை.