சரக்கும் பயணியும்: கொழும்பு ரயிலில் சைக்கிள்

நாடு விட்டு நாடு போகிற ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவது என்றதும் நமக்கு ஐரோப்பாதான் நினைவுக்கு வருகிறது. தஞ்சாவூருக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு நடுவே எல்லை தாண்டிய ரயில்கள் இரண்டு ஓடியிருக்கின்றன. ஒன்று, எழும்பூரில் கிளம்பி மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகத் தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில். இன்னொன்று, பேரளத்திலிருந்து பிரெஞ்சுக் காரைக்காலுக்குப் போன குட்டி ரயில். இவற்றில் சைக்கிள் எப்படிப் போயிற்று, ஆட்கள் எப்படிப் போனார்கள் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பயணி யார், சரக்கு எது என்று ரயில்வே கிழித்த கோடு எங்கே விழுந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது.

நாகப்பட்டினம் - தஞ்சாவூர் பாதை 1861இல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக இருந்ததை 1870களில் மீட்டர் கேஜாக மாற்றினார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் விட்ட பிறகு, சென்னையில் வாங்குகிற ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் போகலாம் என்றாயிற்று. விழுப்புரம் - திருச்சி கார்டு பாதை முழுசாக வந்தது 1929இல்தான். அதுவரை சென்னையிலிருந்து ரயிலேறிக் கொழும்புக்குப் போனவர்கள் தஞ்சாவூரைக் கடந்துதான் போனார்கள்.

டிக்கெட் ஒன்று, ஆனால் தண்டவாளம் ஒன்றில்லை. இந்தக் கரையில் மீட்டர் கேஜ், அந்தக் கரையில் அகலப் பாதை. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயரைச் சூடிய நீராவிக் கப்பல்கள் ஆளையும் மூட்டையையும் ஏற்றின, ரயில் பெட்டியை ஏற்றவில்லை. ஆகவே சைக்கிளைக் கொண்டுபோகிறவர் அதை லக்கேஜ் ஆபீசில் ஒப்படைத்து, கட்டணம் கட்டி, ரசீது வாங்க வேண்டும். சீட்டுக் கட்டிய சைக்கிள் பிரேக் வேனுக்குப் போகும். அப்புறம் துறைமேடையில் இறக்கு, கப்பலில் ஏற்று, மறுகரையில் சுங்கம், மறுபடி வேன். நமது ரயில்வேயில் இன்றைக்கும் பயணிக்குத் தரும் இலவச எடைச் சலுகை சைக்கிளுக்குச் செல்லாது. தனியாகப் பணம் கட்டித்தான் வேனில் போடணும். நேரம், ஸ்டேஷன், தண்டவாளம் எதையும் கேட்காமல் போவது சைக்கிளின் குணம். ரயிலுக்குள் வந்ததும் அந்தக் குணம் போய் அது வெறும் சுமையாகிவிடுகிறது. ஆனால் அந்தச் சுமைக்கு ஓர் உடைமையாளர் இருக்கிறார், அவர் கையில் ரசீது இருக்கிறது. தொலைந்தால் கேட்பதற்கு அவருக்கு வாய் இருக்கிறது.

யார் அந்த உடைமையாளர்? அன்றைக்கு நல்ல சைக்கிள் என்றால் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய ராலே, ஹம்பர்தான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்பட்டது 1949இல். அதற்கு முந்தைய நம் ஊர்களில் மிராசுதார் வீட்டுப் பிள்ளை, வக்கீல், வாத்தியார், சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பண்ணையாளுக்கு வாங்கவும் வழியில்லை, வாங்கினாலும் ஓட்ட வழியில்லை. ஊர்த்தெருவில் தலித்துகள் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகணும் என்கிற கட்டுப்பாடு தமிழ்நாட்டின் பல ஊர்களில் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. செருப்பு, தோள்துண்டு, சைக்கிள் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கியவை.

இப்போது அதே ரயிலின் மூன்றாம் வகுப்புக்கு வருவோம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதைக் கவனிக்கச் சிலோன் லேபர் கமிஷன் 1904இல் திருச்சியில் அமைக்கப்பட்டது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் கங்காணிகளின் பின்னால் கிளம்பின. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘டின் டிக்கெட்’ என்று ஒரு முறை வந்தது. ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண், ஆளின் எண். வில்லையைக் காட்டினால் காசு கேட்காமல் தோட்டம் வரைக்கும் கொண்டுபோய்விடுவார்கள், வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வழியில் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம். அங்கே இறக்கி, நாட்கணக்கில் வைத்திருந்து, உடம்பைச் சோதித்து, கிருமி நீக்கி, அதற்கப்புறம்தான் கப்பல். அந்த முகாம் கட்டப்பட்டது இவர்களுக்காக. சைக்கிளை வேனில் போட்டுவிட்டு மேல்வகுப்பில் உட்கார்ந்திருந்த கனவான்களுக்காக அல்ல.

பார்சல் ஆபீசில் ‘டு பே’ என்று ஒரு வழக்கம் உண்டு. அனுப்புகிறவர் பணம் கட்ட வேண்டாம், போய்ச் சேருகிற இடத்தில் சரக்கை எடுக்கிறவர் கட்டுவார். தகர வில்லையோடு போன ஆள் ‘டு பே’ போட்ட பார்சல் அல்லாமல் வேறென்ன? ரயில் பயணியைப் பார்சலாக்கிவிட்டது என்று ஜான் ரஸ்கின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வருத்தப்பட்டார். அவருக்கு அது உவமை. தஞ்சாவூர்ப் பண்ணையாளுக்கு அது பேரேட்டில் ஏறிய கணக்கு. ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் இதை உடல்மீதான கண்காணிப்பு, ஒழுங்கமைப்பு என்பார்கள். மண்டபம் முகாமுக்கு அது பொருந்தும். தகர வில்லைக்கு அந்தச் சொல் போதாது. முகாம் உடலைச் சோதித்தது, வில்லை உடலைக் கடனாக மாற்றியது. பிற்காலத்தில் நகராட்சியும் பஞ்சாயத்தும் வரி வாங்கிக்கொண்டு சைக்கிளுக்கும் ஒரு தகர வில்லை கொடுத்தன. சைக்கிள் வில்லை உடைமையாளருக்குச் சாட்சி. ஆளின் வில்லை, அவர் யாருடைய கணக்கில் இருக்கிறார் என்பதற்குச் சாட்சி.

ரயில் பண்ணையடிமையிலிருந்து தப்பிக்க வழி திறந்தது என்றொரு கதையாடல் நம்மிடம் உண்டு. அது பொய்யில்லை. கண்டிச் சீமை, பினாங்கு என்கிற பெயர்கள் சேரிகளில் ஒரு வாசலைப் போல ஒலித்தவை. பண்ணையார் சவுக்குக்கு எட்டாத தூரம் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் எந்தத் தகுதியில் தப்பித்தார்கள் என்று கேட்டாக வேண்டும். ஒரு கடனிலிருந்து இன்னொரு கடனுக்குள் போனார்கள். கடனைக் கட்டினால்தான் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு விடுவிக்கிற ‘துண்டு’ முறை 1921 வரைக்கும் இருந்தது. 1939இல் இந்திய அரசே இலங்கைக்குத் தொழிலாளர் போவதைத் தடைசெய்தது.

காரைக்கால் ரயில் வேறு மாதிரி. 1898இல் திறந்த அந்தப் பாதை பிரெஞ்சுக்காரர்களுடையது, வண்டி விட்டது தென்னிந்திய ரயில்வே. பேரளத்தில் ஏறித் திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட இறங்கியவர் இன்னொரு நாட்டில் இறங்கினார். பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949இல் முறிந்தது, எல்லை இறுகியது. ரயிலுக்கு ஒரே வழிதான். சுங்கக்காரர் ஸ்டேஷனில் நின்றால் போதும். சைக்கிள்காரருக்கு வாய்க்கால் கரையும் வண்டிப்பாதையும் வழிதான், அத்தனைக்கும் ஆள் நிறுத்த எந்த அரசாலும் ஆகாது. அதே சைக்கிளை ரயிலில் ஏற்றினால் அது எல்லைக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. 1954இல் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்ததும் இந்த எல்லையே இல்லாமல் போனது.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கை பேசி முடிக்கப்பட்டது, சரக்குக்குப் பேசுவதைப் போலவே. அதே டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து போய்வந்த கப்பலில்தான் ‘தாயகம் திரும்பியோர்’ வந்து இறங்கினார்கள். பழைய மண்டபம் முகாம் அவர்களை வாங்கிக்கொண்டது. 1980களில் போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இயற்றிய ரயில் பயணிகள் உரிமை விதி, புதிய ரயில்களில் குறைந்தது 4 சைக்கிள்களுக்காவது இடம் வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். சைக்கிள் அங்கே சுமை என்கிற நிலையிலிருந்து பயணியின் உரிமைக்குள் வந்துவிட்டது. ஆனால் அதே ஐரோப்பாவில், 2015 செப்டம்பரில், புடாபெஸ்டின் கெலெத்தி ஸ்டேஷனில் கையில் டிக்கெட் வைத்திருந்த அகதிகளை ரயிலேற விடாமல் நாட்கணக்கில் வெளியே உட்காரவைத்தார்கள். உரிமை வண்டிக்கு வருவதும் ஆளுக்கு வருவதும் வேறு வேறு.

தலைமன்னார் துறை வரைக்கும் இலங்கை ரயில் 2015இல் மறுபடி ஓடத் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். அது நின்றுபோய், 2024 ஆகஸ்டில் திரும்பத் தொடங்கியது. சைக்கிளோடு கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் போய்வரலாமா என்று கேட்கிற இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது, அதற்கான விதியையும் கட்டணத்தையும் கேட்டு வாங்கட்டும். கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1983க்குப் பிறகு வந்தவர்களையும் மண்டபம் முகாம்தான் வாங்கிக்கொண்டது. அவர்களுக்கு இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், எந்த நாட்டுக் காகிதமும் கையில் இல்லாமல், அந்தக் கப்பலில் எப்படி ஏறித் திரும்புவார்கள்?