சப் என்றொரு ரொட்டி

கையளவுக்கு மீறிய நீள சாண்ட்விச் ரொட்டி ஒன்றுக்கு நீர்மூழ்கிக் கப்பலின் பெயர் எப்படி வந்தது? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரண்டு ஊர்கள் இந்தப் பெயரைச் சொந்தம் கொண்டாடுகின்றன.

ஒன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், குரோட்டனில், அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கித் தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியர் ஒருவரின் கடையிலிருந்து தளத்துக்கு இந்த ரொட்டி கட்டுக்கட்டாகப் போனதாம். 'சப்மரீன்' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது, பிறகு 'சப்' என்று குறுகியது என்பார்கள். மற்றொன்று நியூ ஜெர்சியின் பேட்டர்சன். ஜான் ஹாலண்ட் உருவாக்கி 1881இல் நீரில் இறக்கிய 'ஃபீனியன் ராம்' என்ற பழைய நீர்மூழ்கியை 1927இல் அவ்வூர்ப் பூங்காவில் கொண்டுவந்து வைத்தார்கள். அதைப் பார்த்த டொமினிக் கான்டி என்ற மளிகைக்கடைக்காரர், நம் கடை ரொட்டி மாதிரியே இருக்கிறதே என்றாராம். இது அவருடைய பேத்தி வழியாக வந்த கதை.

நியூ லண்டன் கதையை ஆண்டுக் கணக்கே கவிழ்த்துவிடுகிறது. டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் 1940ஆம் ஆண்டு விளம்பரங்களிலேயே இந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது. அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில். பேட்டர்சன் கதைக்கு இந்தச் சிக்கல் இல்லை; ஆனால் குடும்ப நினைவைச் சான்றாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். இரண்டு பக்கமும் கூம்பி நடுவில் தடித்த ஒன்றைப் பார்த்து நீர்மூழ்கி என்று சொல்ல ஒருவர் பூங்காவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கப்பலின் படத்தைப் பார்க்காத பத்திரிகை வாசகர் யார்? அதே போரில், 1914 செப்டம்பரில், சென்னைமீது குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' தமிழில் ஓர் ஆளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. போர்க்கப்பல்களின் பெயர் எங்கே போய் ஒதுங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பிலடெல்பியாவில் 'சப்' என்று கேட்டால் திருத்துவார்கள். அங்கே அது 'ஹோகி'. இதற்கும் கப்பல் கதைதான். முதல் உலகப் போர்க்காலத்தில் ஹாக் ஐலண்ட் என்ற இடத்தில் மாபெரும் கப்பல் கட்டும் தளம் எழுந்தது. இன்று அந்த இடம் விமான நிலையத்துக்குள் போய்விட்டது. அங்கே வேலை செய்த இத்தாலியர் கொண்டுபோன மதிய உணவு 'ஹாகி' ஆயிற்று என்கிறார்கள். ஆனால் தளம் மூடிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொல் அச்சில் தலைகாட்டுகிறது. ஆல் டி பால்மா என்ற ஜாஸ் இசைக்காரர் சொன்னதை நம்பலாம் என்று தோன்றுகிறது. இவ்வளவு பெரிய ரொட்டியைத் தின்ன ஒருவன் 'ஹாக்', அதாவது பன்றியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். 1930களில் கடை போட்டபோது அதையே பெயராக வைத்தார். தீனிக்காரனைப் பழிக்கும் சொல் அவ்வூரின் பெருமையாகி, 1992இல் மேயர் எட் ரெண்டல் அதை நகரத்தின் அதிகாரபூர்வ சாண்ட்விச்சாக அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று.

நியூயார்க்கில் 'ஹீரோ'. கிரேக்க 'ஈரோ'விலிருந்து வந்ததென்று சிலர் சொல்வது காலக்கணக்குக்கு ஒத்துவராது. கிரேக்கப் பண்டம் அந்நகரில் பரவியது வெகு பின்னால். நியூ இங்கிலாந்தில் 'கிரைண்டர்'; மொறுமொறுத்த மேலோட்டைப் பல் அரைக்க வேண்டியிருப்பதால். மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் வெறும் 'இட்டாலியன்'. அங்கே ஜொவானி அமாடோ 1902இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கடை, நம்பினால் நம்புங்கள், இந்தியா ஸ்ட்ரீட்டில் இருக்கிறது.

இத்தனை பெயர்களுக்கு நடுவே 'சப்' நாடெங்கும் பரவியதில் சங்கிலிக் கடைகளின் பங்கு பெரிது. 1965இல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் 'பீட்ஸ் சூப்பர் சப்மரீன்ஸ்' என்று ஒரு கடை திறந்தது. வானொலி விளம்பரத்தில் அது 'பிட்சா மரீன்ஸ்' என்று காதில் விழுந்ததால் பெயரைச் சுருக்கினார்கள் என்பது நிறுவனரே சொன்ன கதை. அதுதான் 'சப்வே'. சென்னையில் பனீர் டிக்காவை உள்ளே வைத்து 'சப்' என்று விற்பதும் அவர்கள்தான்.

இத்தாலியில் இந்த ரொட்டி கிடையாது. அங்கே பனீனோ என்ற சாண்ட்விச்சுக்குள் ஓர் இறைச்சி, மிஞ்சிப்போனால் ஒரு பாலாடைக்கட்டி. 1880க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்கா வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கத்தி ஏழைகள், ஊரில் இறைச்சியைப் பண்டிகை நாளில் பார்த்தவர்கள். இங்கே கூலிக்காரனுக்கும் அது கட்டுப்படியாகிற விலையில் கிடைத்தது. மூன்று வகை இறைச்சி ஒரே ரொட்டிக்குள் புகுந்தது அப்படித்தான். இத்தாலியர் அமெரிக்காவில் வயிறார உண்ட உணவு என்று படித்தால் 'இட்டாலியன்' என்ற அடைமொழி பொருத்தமாகவே இருக்கிறது.

நியூயார்க்கில் மதியக் கூட்டம் நெருக்கும் ஒரு கடையில் அதைச் சாப்பிட்டுப் பார்த்தேன். எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும். இறைச்சி அறுக்கும் இயந்திரம் ஓயவில்லை. ரொட்டியை முழுக்கப் பிளக்காமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி கீறி, முதலில் புரோவலோன் பாலாடைக்கட்டியைப் பரப்பினார்கள். எண்ணெயும் காடியும் ரொட்டியை நனைக்காதபடி அது தடுக்கிறது. அதன்மேல் ஹாம், சலாமி, கபிகோலா. பிறகு பூவாக நறுக்கிய லெட்டூஸ், தக்காளி, வெங்காயம், ஓரிகானோ.

கல்லாவிலிருந்த முதியவர் கபிகோலாவைக் 'கபகூல்' என்றார். பன்றியின் கழுத்துப் பகுதியிலிருந்து எடுப்பது. இத்தாலியில் 'கபொகொல்லோ', தலை, கழுத்து என்ற இரு சொற்களின் கூட்டு. தெற்கத்திப் பேச்சில் கடைசி உயிர் தேய்ந்து, வல்லொலிகள் மெலிந்து நியூ ஜெர்சிவரை வந்துவிட்டது. 'காகம்' என்பதில் ஒரே ககரத்தை இரண்டு விதமாக ஒலிக்கும் நமக்கு இந்த மெலிவு பழகியதுதான்; தமிழில் எழுதினால் எழுத்துகூட அதிகம் மாறுவதில்லை.

வாயில் முதலில் முந்துவது சலாமியின் உப்பும் காடியின் புளிப்பும். கபிகோலாவின் மிளகாய்க் காரம் பின்னால் மெதுவாக வருகிறது. எனக்கு அது போதவில்லை. ஊறுகாய்ச் செர்ரி மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்கி உள்ளே திணித்துக்கொண்டேன்.