ஓரணாச் சிற்றுண்டியும் உங்கள் டிபன் டப்பாவும்

சென்னைத் தியாகராய நகரின் கடைத்தெருவில் எவர்சில்வர் டிபன் டப்பா வாங்கியிருப்பீர்கள். அந்த நகருக்குப் பெயர் தந்த மனிதருக்கும் பள்ளிக் குழந்தையின் உணவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை அறிவீர்களா?

1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கிலுள்ள மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க வேண்டும்; செலவு மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக்கூடாது என்பதே அது. ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். அப்பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள். அவர்களது வறுமையால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

பலன் என்ன? திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-இல் இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 மாணவர்கள் படித்தனர். 1924-25-இல் அந்த எண்ணிக்கை 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல்! ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால், 1925 ஏப்ரல் முதல் நாள் சிற்றுண்டி நின்றது. அதே மாதம் 28-ஆம் நாள் தியாகராயரும் மறைந்தார். திட்டம் பின்னர் மீண்டும் உயிர் பெற்றது. உணவு கல்விச் செலவா, அன்றித் தருமமா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டதைக் கவனியுங்கள்.

வயிறு நிறைந்தால் போதுமா?

பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்பது முதற் கேள்வி. தட்டில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு விடை தேடிய ஆய்வுக்கூடம் நம் நீலகிரியில், குன்னூரில் இருந்தது. இராபர்ட் மக்காரிசன் 1918-இல் அங்கே பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஆலையில் நன்கு தீட்டிய பச்சரிசியில், தவிட்டோடு பி1 என்னும் உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அதையே முக்கிய உணவாகக் கொள்வோருக்கு இந்நோய் வருகிறது. புழுங்கலரிசியிலோ, நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. மக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைத் தொகுத்து 1937-இல் கையேடாக வெளியிட்டார். எந்த உணவில் எவ்வளவு சத்து என்று கணக்கிட்டுச் சமைக்க வழி பிறந்தது.

பள்ளி உணவும் மெல்ல இக்கணக்கின் பக்கம் திரும்பியது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் மக்களின் நன்கொடையோடு வளர்ந்தது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே 'சத்துணவு' என்ற சொல் ஏறியது. 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010-இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் மயிலாப்பூரில் நடந்த விழாவில் அது நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாயிற்று.

டப்பாவில் என்ன வைப்பது?

வீட்டிலிருந்து உணவு கொண்டு செல்லும் மாணவர்களுக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு. சத்துக்கு அதிகப் பணம் வேண்டும் என்பதில்லை. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைந்த மெதியோனின் அரிசியில் உண்டு. எனவே சாம்பார் சாதமும் இட்லியும் வெறும் பழக்கத்தால் நிலைத்தவை அல்ல. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் கூட்டணிகள் அவை.

வெறும் தயிர்சாதத்தோடு ஊறுகாய் மட்டும் வைத்தால் வயிறு நிறையும், இரும்புச்சத்து போதாது. பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியலோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ வைக்கலாம். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி பயறின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. முட்டை உண்ணாதவர்களுக்கு வேர்க்கடலை இருக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதமே. இரண்டு கடலை மிட்டாய், கடையில் வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தைவிட எவ்வளவோ மேல்.

ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. பசியோடிருக்கும் பிள்ளை பாடத்தில் மனம் செலுத்த இயலாததில் வியப்பென்ன? அன்று மாநகராட்சி கொடுத்த ஓரணா, பாடப் புத்தகத்துக்குக் கொடுத்த காசைப் போன்றதே. நாளைக் காலை டப்பாவை மூடுமுன் ஒருமுறை பாருங்கள்: சோற்றோடு ஒரு பருப்பு, ஒரு காய் அல்லது கீரை இருக்கிறதா?