கவசாக்கி கேஎல்ஆர்650

கவசாக்கி கேஎல்ஆர்650 என்பது சப்பானிய நிறுவனமான கவசாக்கி 1987 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய, தார்ச்சாலையிலும் கரடுமுரடான மண் தடங்களிலும் செல்லக்கூடிய விசையுந்து ஆகும். 651 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஒற்றை உருளைப் பொறி, நீர்மக் குளிர்விப்பு, ஐந்து பல்லிணைகள், ஏறத்தாழ 23 லிட்டர் எரிபொருள் தொட்டி ஆகியவை இதன் முக்கிய இயல்புகள். 2007 வரை பெரிய மாற்றமின்றி வெளிவந்த இவ்வண்டி 2008 இல் திருத்தியமைக்கப்பட்டது. 2018 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டு, 2022 ஆம் ஆண்டு மாதிரியாக எரிபொருள் உட்செலுத்தலுடன் மீண்டும் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் அனைத்தும் கார்புரேட்டர் கொண்டவை.

நீண்ட காலம் மாறாதிருந்ததால் உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. இதனால் வட அமெரிக்காவில் தொலைதூரப் பயணிகள் பலர் இதனைப் பழைய வண்டியாகவே வாங்குகின்றனர்.

சமநிலைச் சங்கிலி நெம்புகோல்

பழைய கேஎல்ஆர் வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி இந்தச் சிறு பாகத்தைப் பற்றியதே. ஒற்றை உருளைப் பொறியின் அதிர்வைக் குறைக்க இரண்டு சமநிலைத் தண்டுகள் உள்ளன. அவற்றை ஒரு சங்கிலி சுழற்றுகிறது. சங்கிலி தளரும்போது அதனை இறுக்குவது சுருள்வில்லால் இழுக்கப்படும் ஒரு நெம்புகோல். பராமரிப்பின்போது வெளியிலிருந்து ஒரு திருகாணியைத் தளர்த்தினால், வில் நெம்புகோலை இழுத்துத் தளர்வை நீக்க வேண்டும். பின்னர் திருகாணி மீண்டும் முறுக்கப்படும். வில் உடைந்திருந்தாலோ இழுவிசையை இழந்திருந்தாலோ இப்பணியால் பயன் ஏதுமில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது என்பதே சிக்கல்.

முதல் தலைமுறையின் நெம்புகோல் இரு துண்டுகளைப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. அதுவும் விரிசல் கண்டு உடைவதுண்டு. உடைந்த துண்டுகள் பொறிக்குள் விழுந்து பெருஞ்சேதம் விளைவிக்கக்கூடும். 2008 இல் நெம்புகோல் வலுப்படுத்தப்பட்டது. ஆயினும் வில் தளரும் குறை முழுமையாக நீங்கவில்லை. எனவே உரிமையாளர்கள் பலர் பிற தயாரிப்பாளர்களின் உறுதியான நெம்புகோலையும் வில்லையும் பொருத்துகின்றனர். அமெரிக்க உரிமையாளர்கள் இதற்கு இட்ட பட்டப்பெயர் "டூஹிக்கி". பெயர் தெரியாத ஒரு பொருளைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல் அது. மாற்றியதாக விற்பவர் வாய்மொழியாகக் கூறுவதை விடப் பணிமனைச் சீட்டு நம்பத்தக்கது. சீட்டு இல்லையெனில் இடப்பக்கப் பொறி உறையைக் கழற்றிப் பார்ப்பதே வழி.

எண்ணெய் நுகர்வு

2008, 2009 மாதிரிகளுள் சில, நெடுஞ்சாலையில் தொடர்ந்து விரைவாகச் செலுத்தும்போது மிகுதியான எண்ணெயை எரிப்பதாக உரிமையாளர்கள் கண்டனர். பொறியில் சுமார் 2.5 லிட்டர் எண்ணெயே உள்ளதால், கவனிக்காமல் விட்டால் ஒரே நெடும்பயணத்தில் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கலாம். ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பும்போதும் கண்ணாடிச் சாளரத்தில் எண்ணெய் அளவைப் பார்ப்பது இவ்வண்டியோட்டிகளின் வழக்கம். சிலர் உருளையைக் குடைந்து 685 கன செ.மீ. உந்துதண்டுத் தொகுதியைப் பொருத்தி இக்குறையைப் போக்கிக்கொள்கின்றனர்.

பிற குறைகள்

பின்சட்டத்தை முதன்மைச் சட்டத்துடன் இணைக்கும் மேல் திருகாணிகள், பக்கப்பெட்டிகளில் மிகையான சுமையேற்றிக் கரடுமுரடான தடங்களில் செல்லும்போது முறிவதுண்டு. பக்கத்தாங்கி நிலைமாற்றி பழுதானால் ஓடும் பொறி திடீரென நின்றுவிடும். வால்வு இடைவெளியைச் சரிபார்க்கத் தவறினால், குறிப்பாக வெளியேற்று வால்வுகள் கெடும்.

படைப் பயன்பாடு

கேஎல்ஆர்650 ஐ அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க மரீன் படையினருக்காக டீசல் பொறி பொருத்திய எம்1030எம்1 என்னும் வண்டி உருவாக்கப்பட்டது. படையின் பிற ஊர்திகள் பயன்படுத்தும் ஜேபி-8 எரிபொருளிலேயே இதுவும் ஓடும்.