தோடர் பூத்துக்குளி: பருத்தியும் கம்பளியும் கலந்த குளிராடை

சங்கரன்கோவில் அருகே உள்ள திருவேங்கடம் போன்ற கரிசல் ஊர்களில் பருத்தி விளையும். கம்பளிக்கு அங்கே வேலை குறைவு. மார்கழி மாத அதிகாலைக்குக் கூட ஒரு பருத்திப் போர்வை போதும். ஆனால் இதே தமிழ்நாட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும். அந்தக் குளிரில் வாழும் தோடர் பழங்குடியினரின் ஆடைதான் பூத்துக்குளி.

தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். 1603-ல் பெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மலையேறிச் சென்று இவர்களைச் சந்தித்தார். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்த பிறகே ஊட்டி ஒரு நகரமாக வளர்ந்தது. 1906-ல் ரிவர்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளர் 'தி தோடாஸ்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். தோடர்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு இன்றும் அதுவே அடிப்படை நூல்.

ஆடை உருவாகும் விதம்

தோடர்களிடம் தறி கிடையாது என்பது பலருக்கும் வியப்பைத் தரும் செய்தி. துணி சமவெளியில் நெய்யப்பட்டு மலைக்கு வருகிறது. அது சொரசொரப்பான, வெள்ளை நிறப் பருத்தித் துணி. அதில் சிவப்பு, கறுப்புப் பட்டைகள் நெசவிலேயே வந்துவிடும். அந்தப் பட்டைகளுக்கு நடுவில்தான் தோடர் பெண்கள் கம்பளி நூலால் பூவேலை செய்கிறார்கள். இப்போது அக்ரிலிக் நூலும் பயன்படுகிறது.

இதற்குச் சட்டம் இல்லை, துணியில் வரைந்து கொள்ளும் வழக்கமும் இல்லை. பாவு இழைகளையும் ஊடை இழைகளையும் கண்ணாலும் விரலாலும் எண்ணி எண்ணி ஊசியைக் கோர்க்கிறார்கள். மெல்லிய துணியில் இப்படி எண்ண முடியாது. இழை பருமனான முரட்டுத் துணி தேவைப்படுவது இதனால்தான். எருமைக் கொம்பு, பூக்கள், மலைகள் போன்ற வடிவங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

தைக்கும்போது நூலை முழுக்க இறுக்காமல் ஒவ்வொரு தையலிலும் சிறிது புடைத்து நிற்க விட்டுவிடுவார்கள். இந்தச் சிறு புடைப்புகள் சேர்ந்து துணிக்குக் கனத்தைத் தருகின்றன. தட்டையான பருத்தியும் மேடான கம்பளியும் அடுத்தடுத்து வருவதால், தூரத்திலிருந்து பார்த்தால் தறியில் நெய்தது போலவே தோன்றும். தைப்பது துணியின் பின்பக்கத்திலிருந்து. இரண்டு பக்கத்தையும் வெளியே தெரியும்படி உடுத்தலாம். துணியை இரண்டாக மடித்துத் தைப்பதால் குளிரைத் தாங்கும். உள்ளே பை போன்ற இடமும் கிடைக்கும்.

வாழ்விலும் சாவிலும்

ஆண், பெண் இருபாலரும் இதைப் போர்த்துகிறார்கள். திருவிழாவுக்கும் இதுதான், சடங்குக்கும் இதுதான். ஒருவர் இறந்தால் உடலைப் பூத்துக்குளியில் போர்த்தி அனுப்புவது வழக்கம். எனவே இது வெறும் அலங்காரத் துணி அன்று.

இன்றைய நிலை

தோடர்களின் மக்கள் தொகை சுமார் இரண்டாயிரம்தான். ஒரு சால்வையை முடிக்க ஒரு பெண்ணுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் இதே வடிவத்தை இயந்திரத்திலோ அச்சிலோ போட்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விலையில் கைவேலை அதோடு போட்டியிட முடியாது. இந்த ஆபத்தை உணர்ந்து தோடர் நலவாழ்வு சங்கம், கீஸ்டோன் பவுண்டேஷன், பூம்புகார் ஆகியவை விண்ணப்பித்து, 2013-ல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் அல்லாதவர் செய்த பொருளை அந்தப் பெயரில் விற்பதைச் சட்டப்படி தடுக்க இது வழி செய்கிறது.

இருந்தாலும் சட்டம் கடைத்தெருவுக்கு வந்து நிற்காது. அசலை அறிய எளிய வழி உண்டு. அச்சிட்ட துணி தடவினால் வழுவழுவென்று இருக்கும். கைவேலையில் மேடு பள்ளம் விரலில் தட்டும். வாங்குபவர் அந்த வித்தியாசத்துக்கு உரிய விலையைக் கொடுத்தால்தான் அடுத்த தலைமுறைத் தோடர் பெண்களும் ஊசியைக் கையில் எடுப்பார்கள்.