பெண்களும் உடற்பயிற்சியும் - கும்மி முதல் மைதானம் வரை



எங்கள் ஊர் பெரிய முதலியார்சாவடி. தெற்கே புதுச்சேரி, மேற்கே ஆரோவில், வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். இந்தப் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "காலையிலேருந்து நான் பண்றதுக்குப் பேரு என்னவாம்?" என்று சிரிப்பார்கள். உப்புக் கூடையைத் தலையில் சுமப்பவர்களிடம் நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆனால் என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். மூன்று வாரம் நடந்தார். ஈ.சி.ஆர். ஓரத்தில் லாரி, தெருவில் நாய், வழியில் பார்ப்பவரெல்லாம் "எங்க போற?" என்ற கேள்வி.. நின்று போனது. அதே அம்மா காணும் பொங்கலன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கும்மி அடித்தார். கால் வலி என்று ஒரு வார்த்தை இல்லை! அன்றைக்குத்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

கும்மியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வட்டமாக நின்று, குனிந்து கை தட்டி, நிமிர்ந்து, ஒரு அடி நகர்ந்து மறுபடியும் குனிய வேண்டும். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவதால் மூச்சுக்கும் வேலை உண்டு. தாளம் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவதால் நடுவில் நிற்கத் தோன்றாது. பெண்கள் கூடி ஆடுவது நம்மிடம் மிகப் பழைய பழக்கம். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை இருக்கிறது. திருவாசகத்தில் அம்மானை, தெள்ளேணம், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் என்று பதிகங்களுக்கே பெண்களின் விளையாட்டுப் பெயர்கள்தான்! 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதியாரும் பெண் விடுதலையைப் பாட கும்மியைத்தான் எடுத்துக்கொண்டார். பெண்கள் ஏற்கெனவே ஒன்றுகூடும் இடம் அதுதானே.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. கும்மிக்குத் திருவிழா வர வேண்டும். வருடத்தில் இரண்டு மூன்று நாள் ஆடினால் சர்க்கரை குறையாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம்.

தினசரி மைதானத்துக்குப் பெண்கள் போன கதை எங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் நடந்திருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைத்தான் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குழந்தைகளோடு குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. அந்தக் குழந்தைகளுக்காக 1943 டிசம்பர் 2 அன்று பள்ளி தொடங்கியது. பிறகு விளையாட்டு வந்தது. குழந்தைகளோடு நிற்காமல் பெரியவர்களுக்கும், பெண்களுக்கும் பரவியது. 1940களின் பிற்பகுதியில் அங்கே பெண்கள் புடவையை மாற்றி வெள்ளைச் சட்டை, அரைக்கால் சட்டை, தலையில் துணித்தொப்பி என்று மைதானத்தில் இறங்கினார்கள். அந்தக் காலத்தில்! ஸ்ரீ அன்னை என்று அழைக்கப்படும் மிர்ரா அல்ஃபஸாவே எழுபது வயதில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். 1949-இல் உடற்கல்விக்கென்றே ஓர் இதழும் தொடங்கினார்கள்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. யோகத்துக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சில சீடர்கள் குழம்பினார்கள். விளையாட்டு யாருக்கும் கட்டாயமில்லை என்று அரவிந்தர் கடிதம் எழுத வேண்டி வந்தது. பெண்களுக்குத் தனி, இலேசான பயிற்சி தேவையா என்ற கேள்விக்கு அன்னை சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது: தேவையில்லை. மாதவிலக்கு நாட்களில்கூட வழக்கமான பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் வெளிப்படையாகவே சொன்னார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பேச்சைச் சத்தமாகப் பேச மாட்டார்கள் :)

கிட்டத்தட்ட இதே காலத்தில் லண்டனிலும் ஒன்று நடந்தது. மேரி பேகட் ஸ்டாக் என்ற பெண்மணி இந்தியாவில் சில காலம் வாழ்ந்து, யோகாசனம் கற்றுக்கொண்டு திரும்பியவர். கணவர் முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். 1930-இல் இவர் பெண்களுக்காக ஓர் உடற்பயிற்சிச் சங்கம் தொடங்கினார். ஒரு வகுப்புக்கு ஆறு பென்ஸ்தான் கட்டணம். கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்த பெண்கள் மாலையில் வந்து, இசைக்கு ஏற்ப, கூட்டமாகப் பயிற்சி செய்தார்கள். பத்து வருடத்துக்குள் உறுப்பினர்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

அமெரிக்காவில் ஜூடி ஷெப்பர்ட் மிசெட் கதை இன்னும் சுவாரசியம். 1969-இல் சிகாகோ பக்கத்தில் நடனம் சொல்லிக் கொடுத்தார். பெண்கள் வருவதும் நின்றுபோவதுமாக இருந்தார்கள். ஏன் என்று கேட்டால், 'நடனக்காரி ஆக வேண்டாம், உடம்பு நன்றாக இருந்தால் போதும்' என்றார்கள். உடனே அவர்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார்! தப்பைத் திருத்துவதை விட்டுவிட்டு, ஆடவிட்டார். அதுதான் பிறகு ஜாஸர்சைஸ் என்று பெரிதானது. நம் கும்மியிலும் கண்ணாடி கிடையாது, கவனித்தீர்களா? எதிரில் தெரிவது இன்னொரு பெண்ணின் முகம்தான்.

இதையெல்லாம் எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு அத்தையும் உட்கார்ந்து கேட்டார். லண்டன், சிகாகோ எதற்கும் அம்மா அசரவில்லை. புதுச்சேரிக் கதையில் மட்டும் நிறுத்தினார்.

"அது சரிடி, அந்தப் பொம்பளைங்கல்லாம் சாயங்காலம் மைதானத்துக்குப் போயிட்டா, ராத்திரிக்குச் சோறு யாரு ஆக்குனது?"

ஆசிரமத்தில் எல்லோருக்கும் பொது உணவுக்கூடம் இருந்தது, தனித்தனிச் சமையல் இல்லை என்று சொன்னேன். அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது செவ்வாய், வெள்ளி ராத்திரி எங்கள் வீட்டில் நானும் தம்பியும்தான் சமையல். அம்மாவும் இன்னும் நான்கைந்து பேரும் அத்தை வீட்டு மொட்டை மாடியில் கும்மி அடிக்கிறார்கள். சத்தம் கீழே அடுப்படி வரைக்கும் கேட்கிறது.